நிறையும் கொழுப்பும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் நிறுவை என்பது அன்றாட வாழ்வோடு ஒன்றிய சொல். கூடையிலும் சாக்கிலும் சுமந்து வந்த கொழுந்து மடுவத்திலே தராசில் ஏறும். கணக்கப்பிள்ளை இலக்கத்தைப் பதிவார். அன்றைய பேர் முழுப்பேரா அரைப்பேரா என்பது அந்த இலக்கத்தைப் பொறுத்திருக்கும். ஆயினும், தராசு காட்டும் நிறை முழுவதும் கொழுந்தன்று என்பதை அங்கு வரிசையில் நிற்போர் யாவரும் அறிவர். சாக்கின் நிறை ஒன்று. மழையிலும் பனியிலும் இலையோடு ஒட்டி வந்த நீரின் நிறை மற்றொன்று. இவற்றுக்கெனக் கழிவு செய்வது வழக்கம். கழிவு மிகுந்துவிட்டதென மனத்தாங்கல் எழுவதும் உண்டு. அவ்வளவையும் கழித்து எஞ்சிய பச்சைக் கொழுந்திலுங்கூட முக்காற்பங்குக்குக் குறையாமல் இருப்பது நீரே. நாலரைக் கிலோ கொழுந்து தொழிற்சாலைக்குள் சென்றால் ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலையே வெளிவருகிறது.

மனித உடலின் நிறையும் இத்தகையதே. தராசில் ஏறி நிற்கும் ஒருவருடைய நிறையில் ஏறக்குறைய பாதிக்கு மேற்பட்டது நீர். எஞ்சியதில் தசையின் புரதமும், எலும்பின் சுண்ணமும், கொழுப்பும் அடங்கும். அறுபது கிலோ நிறையுள்ள இருவரை எடுத்துக்கொண்டால், ஒருவர் உடலில் பத்துக் கிலோ கொழுப்பும் மற்றவர் உடலில் இருபது கிலோ கொழுப்பும் இருத்தல் கூடும். சாதாரணத் தராசு இவ்விருவரையும் ஒன்றாகவே மதிப்பிடும். இவ்வேறுபாட்டை வீட்டிலேயே அறியலாம் என்ற உறுதிமொழியோடு விற்பனைக்கு வந்துள்ளதே உடற்கொழுப்பு மானி என்னும் கருவி. பெரிய நகரங்களின் கடைகளில் மட்டுமன்றி, கைத்தொலைபேசி வழியாகக் கட்டளையிட்டும் அதனைப் பெறுகின்றனர். அக்கருவி அளப்பது எதனை, ஊகிப்பது எதனை என்பதை அறிந்த பின்னரே அதற்குப் பணம் செலவிடுதல் நன்று.

உடலில் உள்ள கொழுப்பை உயிரோடிருக்கும் மனிதரில் அளப்பது எப்படி என்ற கேள்விக்கு முதலில் கிடைத்த நம்பத்தக்க விடை, நீருக்குள் நிறுத்தலாகும். கொழுப்பு நீரைவிட இலேசானது. தசையும் எலும்பும் நீரைவிடக் கனமானவை. ஆகவே ஒருவரை நிலத்தில் ஒருமுறையும் நீருக்குள் ஒருமுறையும் நிறுத்தால், அவர் உடலின் அடர்த்தியைக் கணித்து, அதிலிருந்து கொழுப்பின் பங்கை அறியலாம். அமெரிக்கக் கடற்படையின் வைத்தியரான அல்பேட் பெங்கியும் அவருடன் பணியாற்றியவரும் 1942ஆம் ஆண்டில் காற்பந்து வீரர் 25 பேரை இவ்வாறு சோதித்தனர். அவர்களுள் 17 பேர், நிறை மிகுதியானவர்கள் என்ற காரணத்தால் படைச் சேவைக்குத் தகுதியற்றோராகக் கருதப்படக் கூடியவர்கள். ஆனால், நீருக்குள் நிறுத்துப் பார்த்தபோது அவர்களுட் பெரும்பாலோரின் மிகை நிறை தசையேயன்றிக் கொழுப்பன்று என்று தெரிந்தது. நிறை வேறு, கொழுப்பு வேறு என்பது அன்று ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது.

எனினும் நீர்த்தொட்டியை வீட்டில் வைத்துக்கொள்ள இயலாதன்றோ? வேறொரு வழி மின்னோட்டத்தின் மூலம் பிறந்தது. உப்புக் கலந்த நீர் மின்சாரத்தை எளிதிற் செல்லவிடும். தசையில் முக்காற்பங்கு நீர். கொழுப்பிலோ நீர் மிகக் குறைவு. ஆதலால் மிக மெல்லிய மின்னோட்டம் ஒன்றை உடலிற் செலுத்தி, அது சந்திக்கும் தடையை அளந்தால், உடலில் நீர் எவ்வளவு என்று மதிப்பிடலாம். 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டு வைத்தியர் தொமாசே, தோலின் கீழ் ஊசிகளைச் செருகி இம்முறையை ஆராய்ந்தார். பின்னர் ஊசிக்குப் பதிலாக ஒட்டுத் தகடுகள் வந்தன. 1990ஆம் ஆண்டுகளில் யப்பானிய நிறுவனமான தனிற்றா, வெறுங்காலுடன் ஏறி நிற்கக்கூடிய தராசிலேயே உலோகத் தகடுகளைப் பொருத்தி, இம்முறையை வீட்டுக்குள் கொண்டுவந்தது.

இக்கருவியிற் செல்லும் மின்னோட்டம் ஒரு மில்லி அம்பியரிலும் குறைவு. அதனை உடல் உணராது. நலமுள்ள ஒருவருக்கு அதனால் தீங்கில்லை. ஒரு காலின் வழியாக ஏறி மறு காலின் வழியாக இறங்கும் அம்மின்னோட்டம் எதிர்கொண்ட தடையையே கருவி உண்மையில் அளக்கிறது. அதன்பின், நாம் முன்னரே பதிந்து வைத்த வயது, உயரம், ஆணா பெண்ணா என்னும் விபரம், அப்போது நிறுத்த நிறை ஆகியவற்றை அத்தடையோடு சேர்த்து, தன்னுள் அடங்கிய ஒரு சூத்திரத்தினாற் கணக்கிடுகிறது. முதலில் நீர், நீரிலிருந்து தசை முதலிய கொழுப்பற்ற பகுதி, மொத்த நிறையிலிருந்து அதனைக் கழித்து வந்த மிச்சம் கொழுப்பு. சுருங்கக் கூறின், கொழுப்பு அளக்கப்படுவதில்லை. கழிவு போக எஞ்சிய கணக்காகவே அது கிடைக்கிறது. மடுவத்திலே நீருக்கென்று கழிப்பது பிழைத்தால் கொழுந்தின் கணக்கு பிழைப்பது போல, உடலின் நீர்க்கணக்கு பிழைத்தால் கொழுப்பின் கணக்கும் பிழைத்துவிடும்.

இவ்வளவு குறைபாடுடைய கணக்கைத் தோட்டத்து மக்கள் ஏன் பொருட்படுத்த வேண்டும்? கொழுப்பைப் பற்றிய கவலை வசதி படைத்தோர்க்கே உரியது என்ற எண்ணம் மலைநாட்டில் மட்டுமன்றி எங்கும் உண்டு. அவ்வெண்ணம் சரியன்று. 2004ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவ வார இதழான லான்செட்டில் இரு வைத்தியர்களின் நிழற்படம் ஒன்று வெளியாயிற்று. ஒருவர் பூனா நகரத்து யாஜ்னிக். மற்றவர் இங்கிலாந்து நாட்டு யட்கின். உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் உடற்றிணிவுச் சுட்டி இருவருக்கும் ஒன்றே, அது 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லியானவர்களே. ஆனால் யட்கினின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்கின் உடலில் நூற்றுக்கு 21.2. ஒரே நிறையில் தென்னாசியர் உடல் கூடுதலான கொழுப்பையும் குறைவான தசையையும் கொண்டிருக்கும் இயல்பை இந்த ஒரு படம் எடுத்துக் காட்டியது.

இவ்வியல்பு பிறப்பிலேயே தொடங்குகிறது. பூனாவுக்கு அருகிலுள்ள கிராமங்களில் யாஜ்னிக் குழுவினர் ஆராய்ந்த குழந்தைகளின் சராசரிப் பிறப்பு நிறை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சதம்டன் நகரக் குழந்தைகளுக்கு அது 3.5 கிலோ. பூனாக் குழந்தைகள் எல்லா வகையிலும் சிறியவர்களாயினும், தசையும் வயிற்றுறுப்புகளும் குன்றிய அளவுக்குத் தோலின் கீழுள்ள கொழுப்பு குன்றியிருக்கவில்லை. கருவில் ஊட்டம் போதாமற் சிறிதாகப் பிறந்து, பின்னர் உணவு மிகுந்து உழைப்புக் குறையும் வாழ்க்கைக்கு மாறுவோரிடம் நீரிழிவும் இதயநோயும் முன்னதாகவே தோன்றும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை.

தோட்டப் புறங்களின் நிலையை இதனோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டில் நடைபெற்ற குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் 17 பேர்; தோட்டப் பகுதிகளிலோ ஏறத்தாழ 32 பேர். அப்பிள்ளைகள் வளர்ந்து, கொழுந்து மலையை விட்டு நகரத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் உட்கார்ந்து வேலை செய்யும்போது, கை கால்கள் மெலிந்தும் இடை பருத்தும் இருக்கும் ஓர் உடல் உருவாகக்கூடும். தராசு அத்தகையவரை எச்சரிக்காது. "நான் ஒல்லிதானே, எனக்குச் சீனி வியாதி எப்படி வரும்?" என்ற கேள்வி வைத்தியசாலையிற் காலந்தாழ்த்தி எழுவது இதனாலேயே. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டில், ஆசிய மக்களுக்கு உடற்றிணிவுச் சுட்டி 23ஐத் தொட்டதுமே விழிப்பு வேண்டும் எனக் கூறியதன் பொருளும் இதுவே. 150 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு 52 கிலோ நிறையிலேயே அவ்வெல்லை வந்துவிடுகிறது.

இனி, கருவியைத் தெரிவு செய்யும் முறையைப் பார்ப்போம். உடற்கொழுப்பு மானிகள் மூவகைப்படும். பாதங்களை மட்டும் தொடுவது ஒன்று; கைகளாற் பிடிப்பது மற்றொன்று; பாதங்களையும் கைகளையும் ஒருங்கே தொடுவது மூன்றாவது. பாதங்களை மட்டும் தொடும் கருவியில் மின்னோட்டம் பெரும்பாலும் கால்களின் வழியே சென்று திரும்புவதால், வயிற்றுப் பகுதியைப் பற்றி அது நேரடியாக அறிவது சொற்பம். நாள்தோறும் செங்குத்தான மலையேறி உரமேறிய கால்களை உடையவருக்கு அது உண்மையைவிடக் குறைந்த இலக்கத்தைக் காட்டலாம். கைப்பிடிக் கருவியோ உடலின் மேற்பகுதியை மட்டுமே காண்கிறது. இரண்டையும் இணைத்த கருவி சிறந்தது, விலையும் மிகுதி. எந்த வகையாயினும், நுண்ணிய சோதனைக்கூட முறைகளோடு ஒப்பிடும்போது தனி ஒருவரின் இலக்கம் மூன்று நான்கு சதவீதப் புள்ளிகள் ஏறியோ இறங்கியோ இருத்தல் இயல்பு. ஆகையால் பசும்புள்ளிக்குப் பின்னும் இலக்கம் காட்டுகிறது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுத்தல் வீண்.

வாங்கும்போது முதலிற் பார்க்க வேண்டியது தராசு சரியாக நிறுக்கிறதா என்பதே. ஒருவர் அடுத்தடுத்து மூன்று முறை ஏறி இறங்கினால் ஒரே நிறை வரவேண்டும். பொதி பிரிக்காத பத்துக் கிலோ அரிசியைக் கையிற் பிடித்து ஏறினால் பத்துக் கிலோவே கூட வேண்டும். நிறையில் தடுமாறும் கருவி கொழுப்பில் தடுமாறாதிருக்குமா? சில கருவிகளிற் பாவிக்கும் பிரதேசத்தைக் குறிக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. பூமியின் ஈர்ப்பு இடத்துக்கிடம் சிறிது மாறுவதே அதற்குக் காரணம். பூமத்திய ரேகைக்கு அண்மையில், 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்த நுவரெலியாவில், தோக்கியோவிற் சரிபார்க்கப்பட்ட தராசு அறுபது கிலோவுக்கு ஏறத்தாழ 130 கிராம் குறைத்துக் காட்டும். இது சிறு வேறுபாடே. என்றும் ஒரே அளவாயிருப்பதால் தொடர்ந்து அளப்பவருக்கு இடையூறில்லை.

குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் வயதையும் உயரத்தையும் தனித்தனியே பதிந்துவைக்கும் வசதி இருத்தல் அவசியம். ஒருவருடைய பதிவில் மற்றொருவர் ஏறினால் கணக்கு முற்றிலும் பிழைக்கும். அருகிலுள்ள நகரில் எளிதிற் கிடைக்கும் பற்றரியில் இயங்குவதே மேல். கைத்தொலைபேசியோடு இணைத்தாலன்றி இலக்கத்தைக் காட்டாத கருவிகளும் உள. தொலைபேசி பழுதானால் அவை வெறும் பலகையாகிவிடும் என்பதை நினைவிற் கொள்க. "எலும்பின் நிறை", "உடலின் வயது", "உள்ளுறுப்புக் கொழுப்பு" என்று பல இலக்கங்களைக் காட்டி மயக்குவனவும் உண்டு. வீட்டுக் கருவிகளில் இவை அனைத்தும் பெரும்பாலும் அதே மின்தடையிலிருந்தும் அதே உயரம், வயது, நிறை ஆகியவற்றிலிருந்தும் கணித்தெடுத்த ஊகங்களேயன்றித் தனித்தனி அளவைகளல்ல.

அளக்கும் முறையில் மலைநாட்டுக்கே உரிய சில கவனிப்புகள் வேண்டும். முதலாவது, குளிர். குளிர்ந்த பாதத்தில் இரத்தவோட்டம் சுருங்கி மின்தடை கூடும். தடை கூடினாற் கருவி அதனைக் கொழுப்பு என எண்ணிக்கொள்ளும். ஆகவே கால்களைத் துணியாற் சுற்றியோ இளஞ்சூட்டு நீரிற் கழுவித் துடைத்தோ வெதுவெதுப்பாக்கிய பின் ஏறுதல் நன்று. இரண்டாவது, பாதத்தின் தோல். கல்லிலும் மண்ணிலும் நடந்து காய்த்துப்போன குதிக்கால், பித்தவெடிப்புள்ள பாதம் ஆகியவற்றின் வழியே மின்னோட்டம் எளிதிற் செல்லாது. பாதத்தைக் கழுவி, ஈரத்துணியாற் சிறிது நனைத்து, தகடுகளின்மேல் நன்கு பதிய வைத்தல் வேண்டும். மூன்றாவது, தளம். லயத்து அறையின் மண்தரையிலோ பாயிலோ வைத்தால் தராசு அமிழ்ந்து பிழைக்கும். சமமான சீமெந்துத் தரையே ஏற்றது.

நேரமும் முக்கியமானது. இராமுழுதும் படுத்திருந்து எழுந்தவுடன் உடலின் நீர் ஒருவகையாகப் பரந்திருக்கும். நாள் முழுவதும் நின்று உழைத்தபின் அது கால்களில் இறங்கியிருக்கும். வெயிலில் வியர்த்து வந்தவரிடம் நீர் குறைந்திருக்கும். அரை லீற்றர் சாயத்தண்ணீர் அருந்தியவுடன் ஏறினால் நிறை அரைக் கிலோ கூடும். ஆனால் வயிற்றிலுள்ள அந்நீரைக் கருவியின் மின்னோட்டம் காணாததால், கூடிய நிறையின் ஒரு பகுதியைக் கொழுப்பின் கணக்கில் எழுதிவிடும். எனவே பிரட்டுக்குப் போகும் அவசரத்திலோ மலையிலிருந்து திரும்பிய களைப்பிலோ அளத்தல் பயனற்றது. ஞாயிற்றுக்கிழமை போன்ற ஓய்வு நாளில், எழுந்து மூன்று மணி நேரம் கழிந்தபின், பகலுணவுக்கு முன்பாக, சிறுநீர் கழித்து, இலேசான ஒரே வகை உடையில் அளந்து நாட்குறிப்பிற் பதிதல் தகும். வாரம் ஒருமுறை போதும். மாதவிடாய்க் காலத்தில் உடலில் நீர் தங்குவதால் பெண்கள் அந்நாட்களின் இலக்கத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கிடைத்த இலக்கத்தை எவ்வாறு படிப்பது? 52 கிலோ நிறையுள்ள பெண்ணுக்குச் சென்ற வாரம் நூற்றுக்கு 30 என்றும் இந்த வாரம் 33 என்றும் கருவி காட்டினால், கொழுப்பு 15.6 கிலோவிலிருந்து 17.2 கிலோவாகப் பெருகிவிட்டது என்று பொருளாகும். ஒரு கிலோ உடற்கொழுப்புச் சேர்வதற்குத் தேவைக்கு மேற்பட்ட உணவு ஏறத்தாழ 7,700 கலோரி வேண்டும். ஏழு நாளில் 12,000 கலோரி மிகையாக உண்டிருந்தாலன்றி அது நேராது. ஆகவே மாறியது நீரேயன்றிக் கொழுப்பன்று எனத் துணியலாம். ஒரு வார இலக்கத்தைக் கண்டு மகிழ்வதும் வருந்துவதும் வேண்டாதன. இரண்டு மூன்று மாதத்துப் பதிவுகளை வரிசையாக வைத்து, அவை ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா என்று பார்ப்பதே முறை.

கையேடுகளிற் காணும் எல்லைகளையும் அளவோடு நம்புதல் வேண்டும். 20 முதல் 39 வயது வரையுள்ள பெண்களுக்கு நூற்றுக்கு 21 முதல் 33 வரையும், ஆண்களுக்கு 8 முதல் 20 வரையும் ஏற்றதெனப் பல கையேடுகள் கூறும். அவ்வெல்லைகள் தென்னாசிய மக்களை அளந்து வகுக்கப்பட்டவையல்ல. மேலும், பெண்ணின் உடலில் ஆணின் உடலைவிடக் கொழுப்பு மிகுந்திருத்தல் இயற்கை. தாய்மைக்கு அது தேவை. கணவனின் இலக்கத்தோடு மனைவியின் இலக்கத்தை ஒப்பிடுதல் அறியாமையாகும்.

இக்கருவியை அறவே நாடக்கூடாதவர்களும் உளர். இதயத்தை இயக்கும் மின்கருவி உடலிற் பொருத்தப்பட்டவர் இதில் ஏறலாகாது. கருவுற்ற தாய்மார்க்கும், கால் வீக்கமோ சிறுநீரக நோயோ உள்ளவர்க்கும், காய்ச்சலாலும் வயிற்றோட்டத்தாலும் மெலிந்தவர்க்கும் இது காட்டும் இலக்கம் பொருளற்றது. சிறு பிள்ளைகளுக்கு இது ஏற்றதன்று. குடும்பநல உத்தியோகத்தர் வளர்ச்சிப் பதிவேட்டிற் குறித்துவரும் நிறையும் உயரமுமே அவர்களுக்கு வழிகாட்டி. யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. இரத்தச்சோகையால் வாடும் தாயொருத்தி இந்த இலக்கத்தைக் கண்டு உணவைக் குறைப்பாளாயின், வயிற்றுப் பிள்ளை சிறிதாகப் பிறக்கும் அதே தீவினை மீண்டும் தொடரும். அவளுக்கு வேண்டியது குறைந்த உணவன்று. பருப்பும், முட்டையும், கீரையும், மீனும் சேர்ந்த நல்லுணவு. இடை பருத்தவரும் முதலிற் குறைக்க வேண்டியவை தேநீரிற் சேரும் சீனியும், கோதுமை மா உரொட்டியின் எண்ணிக்கையும், எண்ணெய்ப் பலகாரமுமே. தசையை வளர்க்கும் உணவை அல்ல.

கருவி வாங்க வசதியில்லாதோர் மனந்தளர வேண்டியதில்லை. நூலொன்றை எடுத்து உச்சந்தலையிலிருந்து பாதம் வரை உயரத்தை அளந்து வெட்டுக. அதனை இரண்டாக மடித்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், உடையின்மீதன்றி உடலின்மீதே சுற்றுக. மடித்த நூலின் இரு முனைகளும் சந்தித்தால் நன்று. சந்திக்காவிட்டால் வயிற்றில் கொழுப்பு மிகுந்துள்ளது எனக் கொள்ளலாம். தையற்காரரின் நாடா இருந்தால், தென்னாசியப் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலமும், ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலமும் எல்லையாகும். நீரிழிவோடு நெருங்கிய உறவுடையது வயிற்றினுள் தங்கும் கொழுப்பே. மின்னோட்டம் காணத் தவறுகின்ற அந்த இடத்தை ஒரு முழ நூல் நேராகவே தொட்டுக் காட்டுகிறது.

நூல் சந்திக்காதவரும், சந்தித்தபோதிலும் பெற்றோர்க்கு நீரிழிவு உள்ளவரும், அடுத்துச் செய்ய வேண்டியது இரத்தத்தைச் சோதித்தலே. சுகாதார அமைச்சு 2011ஆம் ஆண்டு முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் ஏற்படுத்திய ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் நிறை, உயரம், இரத்த அழுத்தம், இரத்தச் சீனி ஆகியன கட்டணமின்றிப் பார்க்கப்படுகின்றன. தோட்டத்திலிருந்து நகரம் சென்று வருவதற்கு ஒரு நாட்பேர் போய்விடுமே என்ற தயக்கம் நியாயமானதே. ஆயினும், காலந்தாழ்த்திக் கண்ட நீரிழிவு காலையும் கண்ணையும் கேட்கும்போது போகும் பேர்கள் எண்ணிலடங்கா.

உடற்கொழுப்பு மானி உள்ளவர் அதனைப் பயன்படுத்துக. இல்லாதவர் நூலைப் பயன்படுத்துக. எதுவாயினும், மடுவத்துத் தராசின் முன் நிற்பவர் காட்டும் விழிப்பையே இங்கும் காட்டுதல் வேண்டும். இலக்கத்தில் நீர் எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று கேட்டறிந்த பின்னரே அதனை நம்புதல் முறை.